ஏழு நொடி

இருபத்திரண்டு கிலோ.
டாடா ஏஸின் பின்னால்
ரவூஃபின் ஸ்பீக்கர்களுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே
போர்வை சுற்றிப் படுத்துவரும் என் ட்யூப் ஆம்ப்.
நீடாமங்கலம் கேட்டில் ரயிலுக்கு நின்ற அரைமணியெல்லாம்
அதைத் தூக்கப்போகும் முதுகை நினைத்துக்கொண்டிருப்பேன்.
போன மாசியில் அம்மாப்பேட்டைப் பள்ளமொன்றில்
வால்வு உடைந்தது.
அன்று கிதார் இல்லாமலே கச்சேரி நடந்தது.
யாரும் கவனிக்கவில்லை என்பதைத்
தமயந்தி தவிர எல்லோரும் என்னிடம் வந்து சொன்னார்கள்.

ஆக, மாடலர்.
ஆம்ப்பின் குரலை வைத்துக்கொண்டு
உடம்பை விட்டுவிட்ட பெட்டி.

தஞ்சாவூர்க் கடையில் பையன் மூன்றை எடுத்து வைத்தான்.
முதலாவதற்குத் தொட்டால் விரியும் கண்ணாடித் திரை.
உள்ளே இருநூற்றுப் பதினான்கு ஆம்ப் இருக்கிறது என்றான்.
நான் வாசிப்பது மூன்று சத்தம்.
சுத்தமானது,
கொஞ்சம் கரகரத்தது,
குஞ்சிதபாதம் கீபோர்டை விட்டுத் தண்ணீர் குடிக்கையில்
இடையிசையில் எழும் நீளமானது.
மீதி இருநூற்றுப் பதினொன்றும்
இருட்டில் உட்கார்ந்து என்ன செய்யும்?
திரை அழகுதான்.
என் வியர்வைத் துளியை அது விரல் என்று நினைத்தது.
ஆடி மாத மேடையில்
எனக்கு உடம்பெல்லாம் விரல்.

இரண்டாவது டிபன் டப்பா அளவு.
இரண்டு ஃபுட்ஸ்விட்ச்.
என் பத்தாம் நம்பர் ஷூ இரண்டையும் சேர்த்தே மிதிக்கும்.

மூன்றாவது, யாரோ வைத்துவிட்டுப் போனது.
ஒரு குமிழ் இல்லை. ஓரத்தில் மெழுகு உறைந்திருந்தது.
நாகப்பட்டினம் பக்கம் சர்ச்சில் வாசித்ததாம்.

பையன் ஹெட்போனை நீட்டினான்.
வேண்டாம் என்றேன்.
ஹெட்போனில் எல்லாமே நல்லதுதான்,
பெண் பார்க்கப் போன வீட்டுக் காபி மாதிரி.
குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன்.
அவன் பதறிக் கல்லாப் பக்கம் பார்த்தான்.
திரும்பச் செருகிவிட்டு
எண்ண ஆரம்பித்தேன்.

பாலகுருவின் ஜெனரேட்டரை அவனுக்குத் தெரியாது.
டீசலில் தண்ணீர், பில்டரில் வைக்கோல் தூசி.
ஒரு திருவிழாவுக்கு நான்கு முறை
செத்துப் பிழைக்கும்.
செத்த கணத்தில்
தபேலா மட்டும் விடாமல் ஓடும்,
தமயந்தி வெறுங்குரலில் முதல் வரிசைவரை
பாட்டை இழுத்துப் போவாள்.
வெளிச்சம் திரும்பினால் எல்லோரும் பாட்டுக்குள் இருப்பார்கள்.
பெட்டி விழிக்கும்வரை நான் மட்டும்
ஊமைக் கம்பியைத் தடவிக்கொண்டு
ஊர் முழுக்கப் பார்க்க நிற்க வேண்டும்.

கண்ணாடித் திரை நாற்பத்தொரு நொடி.
அதில் பாதி, கம்பெனி பெயரை நிறம் மாற்றிக் காட்டியது.
டிபன் டப்பா பத்தொன்பது.
மெழுகு ஒட்டியது
ஏழு.
விட்ட இடத்தில், விட்ட சத்தத்தில்.
சத்தம் சுமார்தான். மேலே போனால் கொஞ்சம் தகரம்.
ரவூஃப் மிக்சரில் தடவிக்கொடுப்பான்.
பதினாறாயிரம். இல்லாத குமிழுக்கு ஐந்நூறு குறைத்தான்.

முதல் ராத்திரி வலங்கைமான் தாண்டி ஒரு ஊர்,
வாய்க்காலை ஒட்டி மேடை.
ஒயர் நேராக மிக்சருக்குப் போயிற்று.
முதுகுக்குப் பின்னால் சூடில்லை, உறுமலில்லை,
யாரோ எழுந்துபோன நாற்காலிபோல ஓர் இடம்.
மானிட்டரில் என் கிதார்
அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதாகக் கேட்டது.
மூன்றாம் பாட்டில் பழகிவிட்டது.
நான்காம் பாட்டிலிருந்து
கரண்ட் போகட்டும் என்று காத்திருந்தேன்.
இந்தச் சரணத்தில் போகும்.
இல்லை, அடுத்ததில்.
சாமி வரும்போது நிச்சயம்.
பதினெட்டுப் பாட்டு. ஒரு பல்புகூடக் கண் சிமிட்டவில்லை.

கடைசியில் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
வயல் வரப்பருகே பச்சை நிறத்தில் புதுசாய் ஒன்று
சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது.
சாக்கை விரித்துப் பாலகுரு தூங்கிக்கொண்டிருந்தான்.
எழுப்பிக் கேட்கலாம்போல் இருந்தது,
கடையில் நீ எதைப் பிடுங்கிப் பார்த்தாய் என்று.